கொதிகலனும் குற்றப்பத்திரிகையும்

போர், நதி, நீதிமன்றம் மூன்றும் ஒரே கதையில் அமைந்துவிட்டால் வரலாற்று மர்ம நாவல் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்ததுபோலத் தோன்றும். போர் பரபரப்பைக் கொடுக்கும். நதி சூழலைக் கொடுக்கும். நீதிமன்றம் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியை எழுப்பி நிறுத்த ஒரு மேடையைக் கொடுக்கும். எங்கள் தொழிலில் பெரும்பாலோர் வேலையை இப்படித்தான் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதற்கு நேர்மாறானது. நதியை வெறும் சூழலாக வைத்த கணமே நீதிமன்றக் காட்சி பொய்யாகிவிடுகிறது. நதியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருந்தது, கப்பல் எதைத் தின்று ஓடியது, கரையில் யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள் என்பவைதான் வழக்கின் ஆதாரங்கள். அந்த ஆதாரங்களில் நீதிமன்றம் எதைக் கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது என்ற இடைவெளியில்தான் மர்மம் இருக்கிறது. தனியாக ஒரு வில்லனைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொள்கையாகச் சொல்லிவிட்டுப் போனால் இது யாருக்கும் பயன்படாது. ஆகவே ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு வாதத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி மாதத்தில், மிசிசிப்பி நதியில் வெடித்துச் சிதறிய சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் வழக்கு அது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1863-இல் சின்சினாட்டியில் கட்டப்பட்ட சுல்தானா, செயின்ட் லூயிக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடிய பக்கச்சக்கரக் கப்பல். சட்டப்படி அது ஏற்றக்கூடிய ஆட்கள் 376 பேர். 1865 ஏப்ரல் 24 இரவு விக்ஸ்பர்க் துறையிலிருந்து வடக்கே கிளம்பியபோது அதில் 2,100-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெற்குக் கூட்டமைப்பின் கஹாபா, ஆண்டர்சன்வில் சிறைமுகாம்களிலிருந்து விடுதலையாகி ஊர் திரும்பிக்கொண்டிருந்த வடக்குப் படைச் சிப்பாய்கள். பசியிலும் நோயிலும் எலும்பாகிப் போயிருந்தவர்கள். ஏப்ரல் 27 அதிகாலை இரண்டு மணியளவில், மெம்பிஸ் நகரத்தைத் தாண்டிச் சில மைல் வடக்கே, நான்கு கொதிகலன்களில் மூன்று வெடித்தன. கப்பலின் நடுப்பகுதி பிய்த்தெறியப்பட்டது, மிச்சம் தீப்பிடித்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. சுங்கத்துறை அன்று சொன்ன கணக்கு 1,547. பிற்கால ஆய்வாளர்களின் கணக்குகள் ஏறத்தாழ 1,170-இலிருந்து 1,800 வரை போகின்றன. எந்தக் கணக்கை எடுத்தாலும் அமெரிக்க வரலாற்றில் கப்பல் விபத்து ஒன்றில் நேர்ந்த மிகப் பெரிய உயிரிழப்பு இதுதான். இத்தனை சாவுக்காக ஒரே ஒரு அதிகாரிமீது வழக்கு நடந்தது. அந்தத் தண்டனையும் பிறகு ரத்தானது. நாவலாசிரியன் கண்ணில் முதலில் விழ வேண்டியது வெடிப்பைவிட இந்தக் கடைசிச் செய்திதான்.

போர்க்கால நதி எப்படிப் பிழைப்பு நடத்தியது என்று தெரியாமல் அந்தக் கப்பலில் ஏன் அத்தனை பேர் ஏறினார்கள் என்பது புரியாது. நான்கு ஆண்டுகளாக மிசிசிப்பியின் நீராவிக் கப்பல்களுக்குச் சோறு போட்டது ராணுவம். படை, குதிரை, தீவனம், வெடிமருந்து என்று ஏற்றியிறக்க எப்போதும் ஏதாவது இருந்தது. 1865 ஏப்ரல் 9-இல் தெற்கின் ஜெனரல் லீ சரணடைந்ததும் அந்த வரும்படி வற்றப்போவது எல்லாருக்கும் தெரிந்துபோனது. விடுதலையான கைதிகள்தான் கடைசிப் பெரிய சரக்கு. சிப்பாய் ஒருவருக்கு 5 டாலர், அதிகாரிக்கு 10 டாலர் என்று அரசு கொடுத்தது. ஆயிரம் சிப்பாய்களை ஏற்றினால் 5,000 டாலர். சுல்தானாவின் கேப்டன் காஸ் மேசனுக்குக் கப்பலில் பங்கும் இருந்தது, பணமுடையும் இருந்தது. லிங்கன் சுடப்பட்ட செய்தியைத் தந்திக்கம்பிகள் அறுந்துகிடந்த தெற்குக்குக் கொண்டுசென்றதும் இதே கப்பல்தான். அந்தப் பயணத்தில் விக்ஸ்பர்க்கில் நின்றபோதே, திரும்பி வருகையில் ஆட்களை ஏற்றித்தருவதாக அங்கிருந்த தலைமைக் கொள்முதல் அதிகாரி ரூபன் ஹாட்ச் மேசனுக்கு வாக்களித்திருந்தார் என்பது விசாரணைகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். ஒரு குற்றக் கதையின் நோக்கம் என்ற பகுதி இதில் முழுசாக இருக்கிறது. வஞ்சம் தேவையில்லை, ரகசியக் காதல் தேவையில்லை. தலைக்கு 5 டாலர் போதும். ஆனால் இதை வாசகன் உணர வேண்டுமானால், கப்பல்காரர்கள் வெறுங்கையோடு துறையில் காத்துக்கிடப்பதையும், நிலக்கரி வாங்கக் கடன் சொல்வதையும், போட்டிக் கம்பெனியின் தரகர்கள் ராணுவ அலுவலக வாசலில் நிற்பதையும் முன்னாலேயே அவன் பார்த்திருக்க வேண்டும். நதி வாழ்க்கையை எழுதும் அத்தியாயங்கள் அழகுக்காக வருபவை என்று நினைத்துத் தாவிப்போகிற வாசகன், பின்னால் நீதிமன்றத்தில் தடுமாறும்படி அவை அமைய வேண்டும்.

துறையில் ஆட்களை ஏற்றிய விதம் இன்னும் நுட்பமானது. ஃபிரெடெரிக் ஸ்பீட் என்ற ராணுவக் கேப்டன், கைதிகள் பரிமாற்றத்தை அப்போதைக்குப் பொறுப்பேற்று நடத்திக்கொண்டிருந்தார். பெயர்ப்பட்டியல் முறையாகத் தயாராகவில்லை, ஆகவே சுல்தானாவில் அதிகம் பேரை அனுப்ப முடியாது என்பது அவருடைய முதல் நிலை. அந்தப் பொறுப்புக்கு உரியவரான ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற கேப்டன் திரும்பி வந்ததும், ஏறும்போது பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அருகிலிருந்த ஃபிஸ்க் முகாமிலிருந்து ரயில்களில் ஆட்கள் வந்தார்கள். ஒரு ரயில் வந்து போனதை வில்லியம்ஸ் கவனிக்கவில்லை; அவர் மனக்கணக்கில் கப்பலில் இருந்தவர்கள் உண்மையான எண்ணிக்கையைவிடப் பல நூறு பேர் குறைவு. போக்குவரத்துக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் கெர்ன்ஸ் கூட்டம் அதிகம் என்று மேலதிகாரிகளிடம் சொல்லிப்பார்த்தார். பக்கத்திலேயே பாலின் கேரல் என்ற கப்பல் இடத்தோடு நின்றது. ஆட்களைப் பிரித்து அதில் ஏற்றலாம் என்று பேச்சு வந்தபோது வில்லியம்ஸ் மறுத்தார். மறுத்ததற்குக் காரணம், அந்தக் கப்பலின் தரப்பினர் ஆட்களைப் பிடிக்க லஞ்சம் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது! லஞ்சத்தை ஒழிக்க நினைத்த அதிகாரி, அந்த வைராக்கியத்தாலேயே லஞ்சத்தின் வாடை வீசிய இன்னொரு கப்பலில் எல்லாரையும் அடைத்தார். பாலின் கேரல் ஏறக்குறைய வெறுமையாகக் கிளம்பிப் போனது. எந்தக் கற்பனையாளனும் இதைவிடக் கச்சிதமான திருப்பத்தை உண்டாக்க முடியாது. இதில் கெட்டவன் செய்த தீமையும் நேர்மையானவன் செய்த தவறும் ஒரே முடிவில் வந்து சேர்கின்றன. ஒருவனைக் கூண்டில் ஏற்றி முடிக்கிற கதைக்கு இது அடங்காது.

இனிக் கொதிகலன். விக்ஸ்பர்க்குக்கு வரும் வழியிலேயே ஒரு கொதிகலன் புடைத்து ஒழுகத் தொடங்கியிருந்தது. பழுது பார்க்க வந்த ஆர். ஜி. டெய்லர், புடைத்த இடத்தை வெட்டியெடுத்துத் தகடுகளையே மாற்ற வேண்டும் என்றார். அதற்குச் சில நாள் ஆகும். அதற்குள் கைதிகளை வேறு கப்பல் ஏற்றிக்கொண்டு போய்விடும். மேசனும் தலைமை எஞ்சினியர் வின்ட்ரிங்கரும் கேட்டுக்கொண்டதால், கொதிகலனின் சுவரைவிட மெல்லிய ஒரு தகட்டை ஒட்டுப்போட்டு ஒரே நாளில் வேலை முடிந்தது. இங்கே நதி மறுபடி வருகிறது. சுல்தானாவில் இருந்தவை அப்போது புதுமையான பலகுழாய்க் கொதிகலன்கள். ஒவ்வொன்றிலும் 24 சிறு குழாய்கள். குறைந்த எரிபொருளில் அதிக நீராவி. தெளிந்த தண்ணீரில் அவை நன்றாக வேலை செய்யும். கீழ் மிசிசிப்பியின் தண்ணீரோ வண்டல். ஆற்றுத் தண்ணீரைத்தான் அப்படியே கொதிகலனுக்குள் இறைத்தார்கள். வண்டல் குழாய்களுக்கிடையே படிந்தால் அந்த இடத்தில் இரும்பு காய்ந்து பலவீனப்படும். கூடவே, மேல்தளம்வரை ஆள் நெரிசலாக இருந்த கப்பல் தலை கனத்து ஒரு பக்கம் சாயும்போது, ஒன்றோடொன்று இணைந்த கொதிகலன்களில் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும். உயர்ந்த பக்கத்தில் வெறும் இரும்பு பழுக்கும். கப்பல் நிமிரும்போது திரும்பி வரும் தண்ணீர் அந்தச் சூட்டில் பட்டு ஒரே நொடியில் நீராவியாகும். அப்போது நதி வெள்ளப்பெருக்கில் கரையைத் தாண்டி மைல் கணக்கில் பரந்து கிடந்தது. எதிரோட்டத்தில் ஏற வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தேவைப்பட்டது. சுல்தானாவையும் அதற்கடுத்த சில மாதங்களில் வெடித்த வேறு கப்பல்களையும் பார்த்த பிறகு, இந்த வகைக் கொதிகலன்களைக் கீழ் மிசிசிப்பியில் கைவிட்டார்கள். அதாவது கொலைக்கருவி என்ன என்பது கடைசியில் நதிக்கும் கப்பல்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது.

நீதிமன்றத்துக்கு அது தேவைப்படவில்லை. மெம்பிஸில் ஜெனரல் வாஷ்பர்ன், விக்ஸ்பர்க்கில் ஜெனரல் டேனா, வாஷிங்டனிலிருந்து அனுப்பப்பட்ட ஜெனரல் ஹாஃப்மன் என மூன்று தரப்பு விசாரணைகள் நடந்தன. கொதிகலனில் தண்ணீர் போதாததே காரணமாக இருக்கலாம் என்று ஹாஃப்மன் கருதினார். ஆட்களை ஏற்றியதில் ஹாட்சும் ஸ்பீடும்தான் அதிகம் கண்டிக்கத்தக்கவர்கள் என்றார். மேசன் நதியில் போய்விட்டார். ஹாட்ச் 1865-லேயே ராணுவத்தைவிட்டு விலகி, ராணுவ நீதிமன்றத்தின் கைக்கு எட்டாத தனி மனிதரானார். சாட்சி சொல்ல மூன்று முறை அனுப்பப்பட்ட சம்மன்களுக்கும் அவர் வரவில்லை. அவருடைய அண்ணன் ஓசயஸ் ஹாட்ச், இல்லினாய் மாநிலச் செயலராக இருந்தவர், லிங்கனின் அரசியல் நண்பர். அதற்கு முந்தைய ஊழல் புகார்களிலிருந்தும் ரூபன் ஹாட்ச் தப்பியிருந்தார். வில்லியம்ஸ் மீது வழக்கே போடப்படவில்லை. மிஞ்சியவர் ஸ்பீட். 1866-இல் விக்ஸ்பர்க்கில் கூடிய ராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரி ஜோசப் ஹோல்ட் ஏடுகளைப் படித்துவிட்டு, ஆட்களை அந்தக் கப்பலில் ஏற்றியது ஸ்பீட் அல்ல என்று எழுதினார், தீர்ப்பு ரத்தானது. ஸ்பீட் விக்ஸ்பர்க்கிலேயே தங்கிப் பின்னாளில் அந்த ஊரில் நீதிபதியாகவும் இருந்தார். குற்றப்பத்திரிகை கேட்டது, ‘இத்தனை பேரை ஏற்றியது யார்?’ என்று. இறந்தவர்களின் வீட்டார் கேட்டிருக்கக்கூடியது, ‘கொதிகலன் ஏன் வெடித்தது?’ என்று. நெரிசல் மட்டும் கொதிகலனை வெடிக்க வைக்காது. ஒட்டு மட்டும் இத்தனை பேரைக் கொல்லாது. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் அதிகாரம் எந்த விசாரணை அறைக்கும் இல்லை. ராணுவம் தன் அதிகாரிகளை மட்டும் விசாரிக்கலாம். கப்பல் ஆய்வாளர்கள் எஞ்சினியரின் உரிமத்தை மட்டும் பார்க்கலாம். ஒவ்வோர் அறையும் தன் எல்லைக்குள் சரியாகத்தான் நடந்துகொண்டது.

நீதிமன்றக் காட்சியை எழுதும் முறையே இதனால் மாறுகிறது. வழக்கமான நீதிமன்ற நாவலில் பதில்தான் வெடிகுண்டு: சாட்சி ஒன்றைச் சொல்வான், அரங்கம் அதிரும். இங்கே வாசகன் கவனிக்க வேண்டியது, கேட்கப்படாமல் போகும் கேள்வியை. கெர்ன்ஸ் கூண்டில் நிற்கும்போது ஏற்றியது யார் உத்தரவு என்று மட்டும் கேட்கப்படும். வாசகனோ இருபது அத்தியாயங்களுக்கு முன்னால் டெய்லர் சுத்தியலை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்ததைப் பார்த்தவன். ‘ஒட்டைப் பற்றிக் கேளேன்’ என்று அவன் மனத்துக்குள் கத்த வேண்டும். அரசுத் தரப்பு எழுந்து, வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று சொல்லும். சட்டப்படி அது சரிதான். நாவலின் இறுக்கம் அந்தச் சரியில்தான் இருக்கிறது. இதற்குப் போட வேண்டிய உழைப்பு அதிகம். வாசகனிடம் நதியறிவு இல்லாவிட்டால் இந்தக் காட்சி வெறும் சட்டப்பேச்சு. வண்டல் தண்ணீர், வெள்ளப்பெருக்கு, எதிரோட்டம், தலைக்கனம் எல்லாம் பாத்திரங்களின் அன்றாடப் பேச்சில், அலுப்பில், சண்டையில் முன்பே கரைந்திருக்க வேண்டும். எஞ்சினியர் சமையற்காரனிடம் தண்ணீரைத் திட்டுவது ஒரு வரி. அந்த ஒரு வரி பின்னால் சாட்சியம்.

முதல் மறுப்பு சதிக் கோட்பாட்டிலிருந்து வருகிறது. இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா, ஆயத்தமாக ஒரு வில்லன் இருக்கிறானே என்பார்கள். உண்மைதான். 1888-இல் செயின்ட் லூயிப் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. தெற்குக் கூட்டமைப்பின் ரகசிய ஆளாகக் கப்பல்களை எரித்துத் திரிந்த ராபர்ட் லௌடன் என்பவன், சுல்தானாவின் நிலக்கரிக் குவியலில் தான் வெடிவைத்ததாகத் தன்னிடம் ஒப்புக்கொண்டான் என்று ஒருவர் சொன்னார். அப்படி ஒரு கருவியும் இருந்தது. தாமஸ் கோர்ட்னே என்பவர் வடிவமைத்த நிலக்கரிக் குண்டு: இரும்பு வார்ப்புக்குள் வெடிமருந்து, மேலே கரித்தூள் பூச்சு, குவியலில் போட்டால் கண்டுபிடிக்க முடியாது, அடுப்புக்குள் போனதும் வெடிக்கும். மர்மக் கதைக்காரனுக்கு இதைவிட இனிப்பான பண்டம் கிடையாது. ஆனால் ஆதாரத்தை நிறுத்திப் பார்த்தால் தராசு ஏறவில்லை. வாக்குமூலம் இரண்டாம் கை. அதைச் சொன்னதாகச் சொல்லப்பட்டவன் அப்போது உயிரோடில்லை. சம்பவம் நடந்து 23 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வருகிறது. வெடிப்பு கிளம்பியது கொதிகலன்களின் பின்புற மேல்பகுதியில் என்று பிற்காலப் பொறியியல் ஆய்வு காட்டுகிறது. அடுப்பு இருந்தது முன்பக்கம். இவற்றோடு ஒட்டுப்போட்ட தகடு, வண்டல், நெரிசல் எல்லாம் கையில் இருக்கும்போது வெளியாள் எதற்கு? சதியைத் தேர்ந்தெடுத்தால் ஹாட்சும் மேசனும் வில்லியம்ஸும் ஒரே வீச்சில் விடுதலையாகிவிடுகிறார்கள் என்பதே என்னுடைய பெரிய ஆட்சேபம். தலைக்கு 5 டாலர் கணக்கில் நடந்த சாவை எதிரியின் சாமர்த்தியத்தின் கணக்கில் எழுதுவது, அன்று பொறுப்பைத் தட்டிக்கழித்தவர்களின் வேலையை இன்று நாவலாசிரியன் செய்து முடிப்பதாகும். லௌடன் கதைக்குள் வரலாம். வெடிப்புக்கு மறுநாளே துறையில் ‘இது தெற்கத்தியான் வேலை’ என்று ஒருவன் சொல்லலாம். அதை நம்ப விரும்புகிறவர்கள் யார் யார் என்பதைக் காட்டினால் அதுவும் ஆதாரமாகிவிடும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. நாவல் கற்பனைதானே, ஏட்டுக்கு இவ்வளவு கட்டுப்பட வேண்டுமா? கட்டுப்படுவதற்கும் சுதந்திரத்துக்கும் எல்லைக்கோடு எங்கே என்பதை நான் இப்படி வகுத்துக்கொள்கிறேன். ஏடு பேசும் இடத்தில் அதை மாற்றக்கூடாது. ஏடு மௌனமாக இருக்கும் இடத்தில் தாராளமாகப் போகலாம். ஒட்டுப்போட்டது, ஆட்கள் ஏறியது, தீர்ப்பு, ரத்து எல்லாம் பேசுகிற ஏடு. மேசன் டெய்லரை எந்த வார்த்தையால் இணங்க வைத்தார், கெர்ன்ஸ் அன்றிரவு மனைவிக்கு என்ன எழுதியிருக்கக்கூடும், ஹாட்ச் சம்மனை மேசைமேல் வைத்துக்கொண்டு என்ன நினைத்தார் என்பதெல்லாம் மௌனம். சுல்தானா வழக்கின் மையமே ஒரு மௌனம்தான்: வர வேண்டிய சாட்சி வரவில்லை. அந்த வராத சாட்சியைச் சுற்றி ஒரு முழு நாவலைக் கட்டலாம். ஆனால் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்துவந்து அழவைத்து ஒப்புக்கொள்ள வைத்தால், வாசகனுக்குத் திருப்தி கிடைக்கும், வழக்கின் அர்த்தம் போய்விடும். அவர் வராமல் இருக்க முடிந்தது என்பதுதான் அன்றைய அதிகாரத்தைப் பற்றிய செய்தி. இதற்கு மறுபக்கமும் உண்டு. உண்மையாக இருந்தாலும் சிலவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். அந்தக் கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். மார்க் ட்வெய்னின் இயற்பெயரும் அதுவே. ட்வெய்னின் தம்பி 1858-இல் இதே மெம்பிஸுக்கு அருகே வேறொரு கப்பலின் கொதிகலன் வெடித்து இறந்தவர். நாவலில் இதைப் போட்டால், எழுத்தாளன் கைவரிசை காட்டுகிறான் என்று வாசகன் சந்தேகப்படுவான். கப்பலில் கூண்டில் இருந்த முதலையை ஒரு சிப்பாய் கொன்றுவிட்டு அந்தப் பெட்டியைப் பிடித்து மிதந்து தப்பினார் என்பதும் உண்மை. நல்ல சம்பவம்தான். ஆனால் அது உள்ளே வந்தால் வாசகன் கடைசியில் நினைவில் வைத்துக்கொள்வது முதலையை மட்டுமே. உண்மை என்பது உள்ளே வர அனுமதிச்சீட்டு ஆகாது. வாதத்துக்கு என்ன செய்கிறது என்பதே கேள்வி.

மூன்றாவது மறுப்பு வாசகன் சார்பில் வருகிறது. தண்டனை இல்லாமல் முடிகிற மர்மக் கதை ஏமாற்றம் தராதா? இந்த வகைக்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு: துப்புகள் எல்லாம் வாசகன் கண்முன் வைக்கப்பட வேண்டும், முடிவில் புதிர் அவிழ வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் தண்டனை என்ற சொல் எங்கேயும் இல்லை. புதிர் அவிழ்வது அறிவில் நடப்பது; தண்டனை அதிகாரத்தில் நடப்பது. இரண்டையும் ஒன்றாக நினைக்கப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். சுல்தானா நாவலில் கடைசிப் பக்கத்துக்கு வரும் வாசகனுக்கு ஏன் வெடித்தது, ஏன் அத்தனை பேர் இருந்தார்கள், ஏன் யாரும் தண்டிக்கப்படவில்லை என்ற மூன்றும் தெரிந்திருக்கும். அறையில் இருந்த நீதிபதிகளுக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு அதிகம் தெரியும். அந்த நிலையில் ஹோல்ட் தீர்ப்பை ரத்து செய்வதைப் படிக்கும்போது, அது நியாயம் என்று ஒப்புக்கொண்டே அவன் கோபப்படுவான். ஸ்பீட் விடுதலையாவது சரி; ஆனால் அவரோடு சேர்த்து வழக்கும் விடுதலையாகிவிடுகிறது. சரியான தீர்ப்பும் அநியாயமான முடிவும் ஒரே தாளில் இருக்கக்கூடும் என்பதை உணரவைப்பது, குற்றவாளியின் கையில் விலங்கு மாட்டுவதைவிடக் கடினமான முடிச்சவிழ்ப்பு.

நான்காவது மறுப்பை நானே எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடந்து முடிந்தபின் எல்லாம் தெளிவாகத் தெரியும். இன்றைய பொறியியலை வைத்துக்கொண்டு 1865-இன் மனிதர்களைக் கூண்டில் ஏற்றுவது நேர்மையா? நேர்மையில்லை. ஆகவே கொதிகலன் பற்றிய இன்றைய அறிவு எந்தப் பாத்திரத்தின் வாயிலும் வரக்கூடாது. தண்ணீர் குறைந்தால் வெடிக்கும் என்பது அன்றைய பொதுநம்பிக்கை. ஹாஃப்மனும் அதையே சொன்னார். அந்தக் காலத்து இரும்பு, மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்ந்தால் நொறுங்கும் தன்மை பெறும் என்பது பின்னால்தான் தெளிவானது. இதற்கெல்லாம் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்றே தெரிந்தவை நிறைய. நீராவிக் கப்பல்களின் ஆய்வையும் எஞ்சினியர்களின் உரிமத்தையும் கட்டாயமாக்கிய சட்டம் 1852-லேயே வந்துவிட்டது. 376 என்ற எண் சான்றிதழில் இருந்தது. தகட்டை மாற்ற வேண்டும் என்று டெய்லர் வாய்விட்டுச் சொன்னார். கூட்டம் அதிகம் என்று கெர்ன்ஸ் மேலிடத்தில் சொன்னார். பக்கத்தில் வெறுங்கப்பல் நின்றது கண்ணுக்குத் தெரிந்தது. அன்று தெரிந்திருந்ததை மட்டும் வைத்து எடை போட்டாலும் வழக்கு நிற்கிறது. பின்னறிவு ஒரு துளியும் வேண்டாம். வரலாற்று மர்ம நாவல் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள இதைவிட நல்ல உரைகல்லை நான் அறியேன். பின்னறிவை எடுத்துவிட்டால் கதையின் குற்றச்சாட்டு சரிகிறதா, நிற்கிறதா? சரிந்தால் அது வரலாற்று நாவலாகாது, இன்றைய அகந்தைதான்.

ஏடுகளை நம்பும் வாதம் இது என்பதால், ஏடுகளில் யார் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயிர் தப்பியவர்களின் நினைவுகளைச் செஸ்டர் பெர்ரி என்ற சக சிப்பாய் தொகுத்து 1892-இல் வெளியிட்டார். குளிர்ந்த வெள்ளத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் பிடித்து மூழ்கியது, மூழ்கிய மரங்களின் உச்சியில் விடியும்வரை தொங்கியது, நேற்றுவரை எதிரிகளாக இருந்த ஆர்கன்சா கரைக்காரர்கள் கட்டைகளைப் பிணைத்துவந்து காப்பாற்றியது என்று நதியின் அந்த இரவு அதில் இருக்கிறது. ஆனால் அவை 27 ஆண்டு கழித்து எழுதப்பட்டவை. அதற்குள் ஒருவர் நினைவு இன்னொருவர் நினைவோடு கலந்திருக்கும். கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சம்பவம் மெருகேறியிருக்கும். குளிர், இருட்டு, சத்தம் போன்ற உணர்வுகளுக்கு அவற்றை நம்பலாம். நேரத்துக்கும் எண்ணிக்கைக்கும் 1865-இன் வாக்குமூலங்களைத்தான் நம்ப வேண்டும். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. மிசிசிப்பிக் கப்பல்களில் அடுப்பெரித்ததும் மூட்டை சுமந்ததும் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளிகள். ஒரு கொதிகலனின் மனநிலையை அருகிலிருந்து அறிந்தவர்கள் அவர்கள். 1865 நவம்பரில் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய சட்டங்கள், கறுப்பினத்தவர் சம்பந்தப்பட்ட வழக்குகளைத் தாண்டி அவர்கள் சாட்சி சொல்லும் உரிமையை மறுத்தன. ராணுவ நீதிமன்றங்கள் அந்த அளவுக்குக் கதவடைக்கவில்லை. இந்த வேறுபாடு நாவலுக்கு ஒரு வழியைத் திறக்கிறது. கதையை யார் கண்ணால் சொல்வது என்ற கேள்விக்கு என் விடை, அடுப்புக்காரன். அவனுக்குக் கொதிகலனின் ஓசை மாறியது தெரியும். ஊர் நீதிமன்றம் அவனைக் கேட்காது. ராணுவ நீதிமன்றம் கேட்கக்கூடும், ஆனால் குற்றப்பத்திரிகையில் அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை. அவன் கற்பனைப் பாத்திரம். அவனைச் சூழ்ந்த தடைகள் கற்பனையல்ல. நதியையும் நீதிமன்றத்தையும் ஒரே உடலில் இணைக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான்.

போருக்குப் பிறகு மிசிசிப்பி தன் படுகையை மாற்றிக்கொண்டது. 1982-இல் மெம்பிஸ் வழக்கறிஞர் ஜெரி பாட்டர் தலைமையில் தேடியவர்கள், கப்பலின் மிச்சமென்று கருதப்படும் எரிந்த மரங்களை ஆர்கன்சாவில் ஒரு சோயா வயலுக்கு அடியில் கண்டார்கள். இந்தக் கண்டுபிடிப்பைப் பல எழுத்தாளர்கள் கதையின் கடைசிக் காட்சியாக வைக்க ஆசைப்படுவார்கள். நான் வைக்க மாட்டேன். புதைந்தது கிடைத்துவிட்டது, இனி எல்லாம் வெளிச்சம் என்ற பொய்யான நிறைவை அது கொடுக்கும். இந்த வழக்கில் எதுவுமே புதைந்து கிடக்கவில்லை. ஒட்டு, எண்ணிக்கை, பணம், மறுப்பு, வராத சாட்சி எல்லாம் 1866-க்குள் காகிதத்தில் ஏறிவிட்டன. ஒரே அறையில் ஒன்றாகப் படிக்கப்படவில்லை, அவ்வளவே. அவற்றை ஒன்றாகப் படிக்கிற அறையைக் கட்டுவதுதான் வரலாற்று மர்ம நாவலின் வேலை. அங்கே அதிகார எல்லை கிடையாது, காலக்கெடு கிடையாது, மேலிடத்து அண்ணன்மார் கிடையாது. தண்டிக்கும் அதிகாரமும் கிடையாது. அந்தக் கடைசிக் குறையை மறைக்கக் கற்பனைத் தண்டனை ஒன்றைக் கொடுக்காமல், கேள்விகளை உரிய வரிசையில் கேட்டு முடிக்கிற நாவலாசிரியன் தன் பங்கைச் சரியாகச் செய்தவனாவான்.